பழைய ஆர்எக்ஸ்-8 வாங்கலாமா? அடிக்கடி வரும் கேள்விகளும் என் பதில்களும்

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 பழையதாக ஒன்று விலைக்கு வந்தால், பார்ப்பவர் மனதில் முதலில் எழுவது ‘இவ்வளவு அழகான வண்டியை ஏன் இவ்வளவு மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள்?’ என்பதுதான். காரணம் பானெட்டுக்குக் கீழே இருக்கிறது. 2003 முதல் 2012 வரை தயாரான இந்தக் கூபேயில் பிஸ்டன் கிடையாது, ரோட்டரி என்ஜின். நான் ஏழு வருஷமாக ஒன்றை வைத்திருக்கிறேன். அதன் முதல் என்ஜினைக் கெடுத்தது வேறு யாருமில்லை, நானேதான். வாங்க நினைப்பவர்களும் வாங்கிவிட்டு முழிப்பவர்களும் கேட்பது அநேகமாக ஒரே கேள்விகளாக இருப்பதால், பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

ரோட்டரி என்ஜின் என்றால் என்ன? மெக்கானிக்குகள் ஏன் ஓடுகிறார்கள்?

மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனுக்குப் பதிலாக, மூன்று முனை கொண்ட முக்கோண ரோட்டர் ஒன்று முட்டை வடிவக் கூட்டுக்குள் சுற்றுகிறது. இந்த வண்டியில் அப்படி இரண்டு ரோட்டர்கள். வால்வு இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. அந்த வகையில் உலகத்திலேயே எளிமையான என்ஜின்களில் ஒன்று. ஆனால் ரோட்டரின் முனைகளிலும் பக்கங்களிலும் இருக்கும் மெல்லிய உலோக சீல்கள்தான் காற்றையும் பெட்ரோலையும் அடைத்துப் பிடிக்கின்றன. அவை தேய்ந்தால் என்ஜினை இறக்கிப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. பெரும்பாலான மெக்கானிக்குகள் வாழ்நாளில் ஒன்றைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். ஓடுவதில் தப்பில்லை. தெரியாமல் கை வைப்பவரைவிட ஓடுபவர் மேல்.

1.3 லிட்டர் என்ஜின்தானே, ஏன் இவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது?

ஒரு ரோட்டருக்கு 654 சிசி, இரண்டுக்கும் சேர்த்து 1308 சிசி என்பது காகிதக் கணக்கு. சாதாரண நான்கு-ஸ்ட்ரோக் என்ஜின் தன் முழுக் கொள்ளளவை உறிஞ்ச ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். இது ஒரே சுற்றில் உறிஞ்சிவிடுகிறது. ஆக, இதை 2.6 லிட்டர் என்ஜினாக நினைத்துக்கொண்டால் பெட்ரோல் பங்கில் அதிர்ச்சி இருக்காது. போதாததற்கு, எரியும் அறை நீண்டு தட்டையாக இருப்பதால் பெட்ரோல் முழுதாக எரிவதுமில்லை. எனக்கு லிட்டருக்கு 7 முதல் 9 கிலோமீட்டர் வருகிறது. நெரிசலில் இன்னும் குறையும். இதைச் சரிசெய்ய மாத்திரையோ மந்திரமோ இல்லை.

என்ஜின் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. 60,000 கிலோமீட்டரில் உயிரை விட்டவையும் உண்டு, அதைப்போல மூன்று மடங்கு ஓடியும் முதல் மூச்சோடு இருப்பவையும் உண்டு. வித்தியாசம் பெரும்பாலும் முந்தைய ஓனரின் பழக்கத்தில்தான். சின்னச் சின்னத் தூரம், சூடேறும் முன்பே ஆஃப் செய்வது, எண்ணெய் அளவைப் பார்க்காமல் விடுவது, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் கெட்டும் ஓட்டிக்கொண்டே இருப்பது: இந்த நான்கும் சேர்ந்தால் எந்த ஆர்எக்ஸ்-8உம் தாங்காது. அதனால் ஓடோமீட்டர் குறைவாக இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் 40,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டி என்றால், அது கடைக்கும் வீட்டுக்கும் மட்டுமே போய்வந்த வண்டியாக இருக்கலாம். எனக்கு அதுதான் அதிக பயம்.

இந்தத் தொல்லை பரவலானதால்தான் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையான மாடல்களின் என்ஜினுக்கு வாரண்டியை 8 வருஷம் அல்லது 1,00,000 மைல் என்று நீட்டித்தது. அந்தக் காலமெல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும் வண்டியின் பழைய பில்களில் ‘என்ஜின் மாற்றப்பட்டது’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டரில், யார் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

கம்ப்ரஷன், அதாவது என்ஜின் அறைக்குள் காற்றை அடக்கிப் பிடிக்கும் அழுத்தம். மற்றதெல்லாம் பிறகு. பெயிண்ட் பளபளப்பு, தோல் சீட், புது டயர் எதுவும் இந்த ஒரு எண்ணுக்கு ஈடாகாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரணக் கம்ப்ரஷன் கேஜ் தான் பார்த்த உச்ச அழுத்தத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள். இரண்டு முகங்கள் செத்து ஒன்று மட்டும் நன்றாக இருந்தாலும் அந்த கேஜ் நல்ல எண்ணையே காட்டும். ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டர் ஒவ்வொரு முகத்துக்கும் தனி எண் தரும், கூடவே செல்ஃப் சுற்றும் வேகத்தையும் காட்டும். இரண்டு ரோட்டர், ஆறு எண்கள். அந்த ஆறும் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். ‘டெஸ்ட் பண்ணியாச்சு, நல்லா இருக்கு’ என்ற வாய்ப்பேச்சு ஒன்றுக்கும் உதவாது.

எண்களைப் படிப்பது இப்படி. 250 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 250 சுற்று) வேகத்தில் நல்ல என்ஜினுக்குரிய அளவு சதுர செ.மீ.க்கு 8.5 கிலோ. 6.9க்குக் கீழே போனால் மாஸ்டாவின் கணக்கிலேயே தோல்வி. ஒரே ரோட்டரின் மூன்று முகங்களுக்குள் வித்தியாசம் 1.5க்கு மேலும், இரு ரோட்டர்களுக்கு இடையே 1.0க்கு மேலும் இருக்கக் கூடாது. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் எண் குறைவாகவும் வேகமாகச் சுற்றினால் கூடுதலாகவும் வரும். அதனால் 250க்குச் சமன்செய்த எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். என்ஜின் நல்ல சூட்டில் இருக்க வேண்டும், பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். என் சொந்த அளவுகோல்: ஆறு எண்களும் 7.5க்கு மேல் என்றால் வாங்கலாம். 7ஐ ஒட்டி இருந்தால், புது என்ஜின் போடும் செலவை மனதில் வைத்து விலை பேசுங்கள்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெயை ஊற்றிவிட்டால் சீல் இடுக்குகள் அடைபட்டு எண் தற்காலிகமாக ஏறும். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை மண்டலமாகக் கிளம்பினால் ‘இது எதற்கு?’ என்று கேளுங்கள்.

அந்த டெஸ்டர் எங்கும் கிடைக்கவில்லையே?

சாதாரண கேஜிலேயே அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் சின்ன வால்வைக் கழற்றிவிட்டால் (அல்லது பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டால்) முள் துள்ள ஆரம்பிக்கும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். மூன்று துள்ளலும் ஒரே உயரத்துக்கு வர வேண்டும். இதில் சரியான எண் கிடைக்காது, ஆனால் ஒரு முகம் செத்திருந்தால் தப்பாமல் தெரியும். நான் இப்போதைய வண்டியைப் பார்க்கப் போகும் முன் ஒன்றைப் பார்த்தேன். வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது. கேஜை மாட்டிச் செல்ஃப் அடித்தால் முள் உயரம், உயரம், பள்ளம் என்று ஆடியது. திரும்ப அடித்தாலும் அதே தாளம். விற்பவர் ‘பேட்டரி டல்லுங்க’ என்றார். பேட்டரி டல்லாக இருந்தால் மூன்றும் சேர்ந்துதான் குறையும், ஒன்று மட்டும் குறையாது.

அதுவும் முடியாவிட்டால் சூட்டு ஸ்டார்ட் சோதனை. அரைமணி நேரம் நன்றாக ஓட்டிவிட்டு ஆஃப் செய்து, ஐந்து பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். சட்டென்று பிடித்தால் நல்லது. காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிற வண்டி, சூட்டில் ஐந்தாறு வினாடி செல்ஃப் அடித்தும் இழுத்துக்கொண்டே இருந்தால் கம்ப்ரஷன் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் சமீபத்தில் வேகமான செல்ஃப் மோட்டார் மாற்றியிருந்தால் இந்த நோய் கொஞ்சம் மறைந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எந்த மாடல் நல்லது?

கையில் பணம் இருந்தால் 2009 மாடலிலிருந்து வந்த இரண்டாம் தொடர். முதல் தொடரில் ஒவ்வொரு ரோட்டருக்கும் எண்ணெய் தெளிக்க இரண்டு துளைகள்தான். இரண்டாம் தொடரில் நடுவில் மூன்றாவதும் வந்தது, எண்ணெய் அழுத்தமும் கூட்டப்பட்டது. முனை சீலின் நடுப்பகுதி எண்ணெய் இல்லாமல் காய்வது இதனால் குறைந்தது.

முதல் தொடரில் 231 குதிரைத்திறன் ஆறு-கியர் மேனுவலும், 192 குதிரைத்திறன் ஐந்து-கியர் மேனுவலும் பல நாடுகளில் விற்றன. முதலாவது 9000 ஆர்பிஎம் வரை கூவும், இரண்டாவது 7500இல் நின்றுவிடும். குறைந்த திறன் வண்டி நம்பகமானது என்று ஒரு பேச்சு உண்டு. என் அனுபவத்தில் எப்படி ஓட்டினார்கள் என்பதற்கு முன்னால் அது சின்ன விஷயம். ஆட்டோமேட்டிக்கை நான் தவிர்ப்பேன். அதை வாங்கியவர்கள் அநேகமாக மென்மையாகவே ஓட்டியிருப்பார்கள். மென்மை இந்த என்ஜினுக்கு நஞ்சு.

இந்தக் குதிரைத்திறன் எண்களுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் முதலில் 247 என்று விளம்பரம் செய்துவிட்டு, 2003இலேயே 238 என்று திருத்தினார்கள். ஏமாந்ததாக நினைப்பவர்களிடமிருந்து வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தார்கள்.

நேற்று வண்டியை ஒரு மூன்று மீட்டர் நகர்த்தி நிறுத்தினேன். இன்று ஸ்டார்ட்டே ஆகவில்லை. ஏன்?

நகர்த்தியதால்தான். குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆக நிறையப் பெட்ரோலை உள்ளே தெளிக்கும். சூடேறும் முன் ஆஃப் செய்தால் அந்தப் பெட்ரோல் எரியாமல் அறைக்குள்ளேயே தங்கி, பிளக்கை நனைத்து, சீல்மேல் இருக்கும் எண்ணெய்ப் படலத்தையும் கழுவிவிடும். எண்ணெய் போனால் கம்ப்ரஷன் போச்சு, கம்ப்ரஷன் போனால் ஸ்டார்ட் போச்சு. அடுத்த முறை செல்ஃப் அடிக்கும்போது சத்தமே மாறியிருக்கும். வழக்கமாக ‘டுக்-டுக்-டுக்’ என்று தாளத்தோடு வருவது, தடையே இல்லாமல் மின்விசிறி சுற்றுகிற மாதிரி ‘உய்ய்ய்’ என்று வழுக்கும். ஒரு தடவை கேட்டால் மறக்காது.

செய்ய வேண்டியது: ஆக்ஸிலரேட்டரை அடி வரை முழுசாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். அப்படி மிதித்தால் பெட்ரோல் தெளிப்பு நின்றுவிடும், காற்று மட்டும் ஓடி உள்ளே இருப்பதை வெளியேற்றும். எட்டுப் பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், நடுவில் செல்ஃப் மோட்டாருக்கு மூச்சு விட நேரம் கொடுங்கள். பிறகு காலை எடுத்துவிட்டுச் சாதாரணமாக முயலுங்கள். மூன்று நான்கு முறைக்கும் பிடிக்கவில்லை என்றால் நிறுத்துங்கள், அதற்குள் பேட்டரி சாகும். நான்கு பிளக்கையும் கழற்றிக் காயவைத்து, பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஓட்டைகள் திறந்திருக்கச் செல்ஃப் அடித்து உள்ளே இருப்பதைத் துப்பவைக்க வேண்டும். ஒவ்வொரு ரோட்டரிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, பிளக்கைத் திருப்பி மாட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும். புகை வரும், அக்கம்பக்கத்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வதை நான் விரும்புவதில்லை. எரியாத பெட்ரோலெல்லாம் நேராக, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போகும்.

என் முதல் என்ஜினின் கதையும் இதுதான். கழுவுவதற்காக நிழலிலிருந்து வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே விடுவேன். வாரம் ஒரு முறை. ஐந்து நிமிஷத்தில் இரண்டு ஸ்டார்ட். பளபளவென்று வைத்திருந்தேன் வண்டியை. இப்போது கழுவவேண்டும் என்றால் கியரை நியூட்ரலில் போட்டுக் கையால் தள்ளுகிறேன்.

அப்படியானால் எப்படி ஸ்டார்ட் செய்து எப்படி ஆஃப் செய்வது?

ஸ்டார்ட் செய்தால் சூடேறும் வரை ஓட்டியே ஆக வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் சாவியைத் தொடாதீர்கள். சூடேறும் வரை 4000 ஆர்பிஎம் தாண்ட வேண்டாம். இரண்டாம் தொடர் வண்டிகளில் என்ஜின் சூட்டைப் பொறுத்து டேக்கோமீட்டரின் சிவப்புக் கோடே கீழிறங்கியும் ஏறியும் நிற்கும், அதைப் பார்த்து நடந்தால் போதும்.

சூடேறிய பிறகு தயங்காதீர்கள். ஒவ்வொரு பயணத்திலும் ஒருமுறையாவது, பாதுகாப்பான இடத்தில், சிவப்புக் கோட்டருகே கொண்டுபோங்கள். மெதுவாகவே ஓட்டினால் கரி படிந்து, சீல்கள் தம் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அவசரத்தில் பாதிச் சூட்டில் ஆஃப் செய்தே தீரவேண்டும் என்றால், 3000 ஆர்பிஎம்மில் பத்து வினாடி பிடித்துவிட்டு அணையுங்கள். கெடுதல் குறையும், மறையாது.

எண்ணெய் குறைகிறதே, என்ஜின் போய்விட்டதா?

இல்லை. குறையாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். சீல்களுக்கு உயவு கொடுக்க, என்ஜினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பிலிருக்கும் எண்ணெயையே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எரியும் அறைக்குள் செலுத்தும் பம்ப் ஒன்று இதில் உண்டு. எண்ணெய் எரிவது வடிவமைப்பிலேயே இருப்பது. இரண்டு முறை பெட்ரோல் நிரப்பினால் ஒரு முறை டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். குச்சி என்ஜினுக்குள் ஆழத்தில் ஒளிந்திருக்கும், சூட்டில் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். அதற்காகப் பார்க்காமல் விட வேண்டாம். டிக்கியில் எப்போதும் ஒரு லிட்டர் எண்ணெய் கிடக்கட்டும்.

மாற்றுவது 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. வடித்தால் மொத்த எண்ணெயில் ஒரு பகுதிதான் வெளியே வரும். மீதி முன்பக்க ஆயில் கூலர்களிலும் குழாய்களிலும் தங்கிவிடும். அதனால் நீண்ட இடைவெளி விடுவது இன்னும் மோசம். பல நாடுகளில் 5டபிள்யூ-30, அமெரிக்காவில் 5டபிள்யூ-20 என்று கையேட்டில் இருக்கும். சிந்தெட்டிக்கா மினரலா என்ற சண்டையில் நான் நுழைவதில்லை. அளவு சரியாக இருப்பதும் நேரத்துக்கு மாற்றுவதும்தான் பெரிது. முதல் தொடரில் டாஷ்போர்டிலிருக்கும் ஆயில் பிரஷர் முள் வெறும் அலங்காரம். அழுத்தம் உண்டு, இல்லை என்ற இரண்டை மட்டுமே காட்டும்.

பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்கலாமா?

நான் கலக்கிறேன். லிட்டருக்கு 4 மில்லி அளவில், சாம்பல் குறைவான நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில். முனை சீலின் நடுப்பகுதிக்கு அது எட்டும் என்பது காரணம், முதல் தொடருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். கலக்காமலே நிம்மதியாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அள்ளி ஊற்றினால் மட்டும் பிளக் கரி பிடிக்கும். கலப்பதால் சம்ப் எண்ணெயைப் பார்க்கத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது, புல்லிங் இல்லை. முதலில் எதை மாற்ற?

இக்னிஷன் காயில். நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான் என்று கைக்கு வந்த எண்ணைச் சொல்ல மாட்டேன், ஆனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். நான்கு காயில்கள், என்ஜின்மேல் நெருக்கமாக, சூட்டிலேயே வாழ்கின்றன. ரோட்டரி என்ஜினில் பிளக் பற்றும் எண்ணிக்கை சாதாரண என்ஜினைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே 40,000 அல்லது 50,000 கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். திடீரென்று சாகாது, மெல்ல மெல்லத் தளரும், அதனால் ஓட்டுபவருக்கே தெரியாது. ஒன்று போனாலும் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள், வயர்களையும் பிளக்குகளையும் கூட. மாஸ்டா இந்தக் காயிலைப் பிறகு திருத்தியது. பாக எண்ணின் கடைசி எழுத்து ‘சி’ என்றிருப்பது பிந்தியது.

பிளக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. கீழ் வரிசைக்கு ஒரு வகை, மேல் வரிசைக்கு வேறு வகை. பார்க்க ஒன்றுபோலிருக்கும். மாற்றிப் போட்டுவிட்டால் மிஸ்ஸிங் இன்னும் மோசமாகும். முன் இடது சக்கரத்தைக் கழற்றினால் அந்தப் பக்கமாகக் கை நுழைத்து நான்கையும் எடுக்கலாம்.

இதைத் தள்ளிப்போட்டால் நடப்பது இதுதான்: எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரியும். உள்ளிருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். வெளியேற முடியாத சூடு திரும்பி என்ஜினுக்கே வந்து பக்க சீல்களைப் பதம் பார்க்கும். ஒரு காயிலில் தொடங்கியது என்ஜினில் முடியும். என்ஜின் விளக்கு மினுக் மினுக்கென்று விட்டுவிட்டு எரிந்தால் அது மிஸ்ஃபயர் எச்சரிக்கை. ஓரம்கட்டுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள். இரவில் நிறுத்திக் கீழே குனிந்து பார்க்கும்போது கன்வர்ட்டர் சிவப்பாகக் கனன்றால் கதை ஏற்கெனவே பாதி நடந்துவிட்டது.

டெம்பரேச்சர் முள் எப்போதும் நடுவில்தான் நிற்கிறது. நல்லதுதானே?

அந்த முள்ளை நம்பாதீர்கள். 80 டிகிரிக்கும் சரி, 105 டிகிரிக்கும் சரி, நடுவிலேயே நிற்கும்படி செய்துவைத்திருக்கிறார்கள். அது மேலே ஏறுகிற நேரத்தில் 110 தாண்டியிருக்கும். இந்த என்ஜினோ இரும்பும் அலுமினியமுமாக அடுக்கி, இடையே ரப்பர் வளையம் வைத்து, நீண்ட போல்ட்டுகளால் இறுக்கிய சாண்ட்விச். ஒருமுறை கொதித்தால் வளையம் போய்விடும், கூலன்ட் அறைக்குள் கசியும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்துச் சொல்லும் விலை குறைந்த ஓபிடி கருவி ஒன்றை வாங்கி, கைபேசியில் உண்மையான டிகிரியைப் பாருங்கள். 100 தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள், 110 என்றால் ஓரம்கட்டி அணையுங்கள்.

கூலன்ட் பாட்டிலின் அளவு காட்டும் சென்சார் அடிக்கடி பொய் சொல்லும், அதற்காக விளக்கை அலட்சியம் செய்யாமல் பாட்டிலைக் கண்ணால் பாருங்கள். காலையில் குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகியிருந்தாலோ, பாட்டிலில் குமிழி வந்தாலோ, ஸ்டார்ட் ஆனதும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தாலோ வளையம் போய்விட்டது. ரேடியேட்டரின் பக்கத் தொட்டிகள் பிளாஸ்டிக், வயதானால் விரிசல் விடும். விரிசல் வரக் காத்திராமல் மாற்றிவிடுங்கள்.

6000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுவையே இல்லை. காயில் புதுசுதான்.

கன்வர்ட்டர் அடைப்பு இல்லையென்றால், காற்று வரும் வழியிலுள்ள கதவுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிகத் திறன் என்ஜினில் சுமார் 3750இல் ஒன்றும், 6250இல் இன்னொன்றும், 7250 வாக்கில் மூன்றாவதும் திறக்கும். கரி படிந்தால் திறக்காது. கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். எப்போதும் 4000க்குக் கீழேயே ஓட்டியவர்களின் வண்டியில் இது வாடிக்கை.

பிரேக்கை 20 முறை மிதித்தால் ஏதோ சரியாகும் என்கிறார்களே, உண்மையா?

கேட்கக் கேலியாக இருக்கும், ஆனால் உண்மை. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், 8 வினாடிக்குள் பிரேக்கை 20 முறை மிதித்தால் ஆயில் பிரஷர் முள் ஒரு ஆட்டம் ஆடிக் காட்டும். ஷாஃப்ட் சென்சாரைப் பற்றிக் கம்ப்யூட்டர் சேர்த்துவைத்த கணக்கு அழிந்தது என்று அர்த்தம். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு ஐட்லிங் தடுமாறினால் செய்துபாருங்கள். அதோடு சென்சாரையும் கழற்றித் துடைத்து மாட்டுங்கள், அதன் முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கும். என்ஜின் தேய்மானத்தை இது குணப்படுத்தாது.

திடீரென்று ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது.

மின்சாரப் பவர் ஸ்டீயரிங். பேட்டரி வோல்டேஜ் குறைவு, அல்லது சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ராக்கில் உள்ள கனெக்டரில் பச்சைப் பாசிபோல் துரு. ராக்கையே மாற்றச் சொல்வார்கள். முதலில் கனெக்டர்களைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள்.

கிளட்ச் மிதிக்கும்போது கிரீச்சிடுகிறது.

பெடலைத் தாங்கும் பிராக்கெட் விரிசல் விடுவது இந்த வண்டியின் பழைய வியாதி. கிரீச் சத்தம்தான் முதல் அறிகுறி. டார்ச்சோடு தலைகீழாகப் படுத்துப் பாருங்கள். வெல்டிங் வைத்து வலுப்படுத்தலாம், புதுசும் போடலாம். விட்டுவிட்டால் ஒருநாள் பெடல் பாதியிலேயே நிற்கும், கியர் விழாது, கியர்பாக்ஸைக் குறை சொல்லித் திரிவீர்கள்.

மற்றபடி பாடி, சஸ்பென்ஷன்?

இந்த வண்டியில் ஓட்டிப் பார்த்தவர்களைக் கட்டிப்போடுவது இதுதான். என்ஜின் சிறியது, முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, எடை முன்னும் பின்னும் சரிபாதி. வளைவில் திரும்பும் சுகத்துக்காகவே மற்ற தொல்லைகளை மன்னிக்கிறோம். ஆர்ம் புஷ்கள், பால் ஜாயிண்ட், ஆன்டி-ரோல் பார் லிங்க் எல்லாம் வயதுக்கேற்றபடி தேயும், மாற்றினால் புது வண்டி. பின் சக்கர வளைவுகளிலும் சைடு சில்லிலும் துருவைத் தேடுங்கள், பெயிண்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே இன்னும் அதிகம். முன்பக்க ஆயில் கூலர் குழாய்களின் இணைப்பிலும் துரு பிடிக்கும். அங்கே கசிவு என்றால் எண்ணெய் முழுக்கச் சாலையில் கொட்ட அதிக நேரம் ஆகாது.

இரண்டு மாதம் ஓட்ட முடியாது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்கட்டுமா?

வேண்டாம். யாரையாவது சாவி கொடுத்து அப்படிச் செய்யச் சொல்லவும் வேண்டாம். பேட்டரியில் பராமரிப்புச் சார்ஜரை மாட்டிவிட்டுத் தூங்கவிடுங்கள். எழுப்பும் நாளில் முழுச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

தினமும் வேலைக்கு ஓட்டலாமா?

போக ஒரு வழி இருபது நிமிஷத்துக்கு மேல் என்றால் தாராளமாக. ஐந்து நிமிஷ தூரம் என்றால் நடந்து போங்கள், அல்லது வேறு வண்டி வாங்குங்கள்.

என்ஜின் போய்விட்டது. பிரித்துக் கட்டுவதா, பழைய என்ஜின் ஒன்றை வாங்கிப் போடுவதா?

கம்ப்ரஷன் தாள் இல்லாத பழைய என்ஜினை வாங்குவது, போன நோயையே இன்னொரு முறை விலைக்கு வாங்குவது. பிரித்துக் கட்டுவதென்றால், ரோட்டரி கட்டியே பிழைக்கிற ஆளிடம் மட்டும் கொடுங்கள். செலவு சில சமயம் வண்டியின் விலையையே தாண்டும். பிரித்த பின்தான் தெரியும், சீல்கள் மட்டும் போதுமா, கூடுகளும் வரி விழுந்து போயிருக்கின்றனவா என்று. அதனால் ‘இவ்வளவுதான் ஆகும்’ என்று பிரிக்கும் முன்பே உறுதி சொல்பவரைச் சந்தேகப்படுங்கள். காயில், பிளக், கன்வர்ட்டர், ரேடியேட்டர் நான்கையும் அப்போதே சேர்த்துப் பாருங்கள். பழைய என்ஜினைக் கொன்ற பொருள் அதில் ஏதோ ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை அப்படியே விட்டுவிட்டுப் புது என்ஜினை மாட்டினால் அதையும் கொல்லும்.

எனக்குக் கட்டிக்கொடுத்தவர் பழைய முனை சீல் ஒன்றைக் கையில் கொடுத்தார். விரல் நீளம்கூட இல்லாத பட்டை, நடுவில் மட்டும் தேய்ந்து இரண்டு ஓரமும் அப்படியே இருந்தது. அது இப்போது சாவிக்கொத்தில் தொங்குகிறது. வண்டியைக் கழுவும் நாளில் சாவியை எடுக்கக் கை போனால் முதலில் தட்டுப்படுவது அதுதான்.